மங்கலதேவி கண்ணகி கோட்டமும் பௌத்தத் தொடர்பும்

மங்கலதேவி கண்ணகி கோட்டம், தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலைமுகட்டில் சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய கற்கோயில். சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு. ஆண்டில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று, பகற்பொழுதில் மட்டும் பக்தர்கள் மேலே செல்ல அனுமதி உண்டு. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் விழாவுக்கு முன்பே கூடிப் பேசி ஏற்பாடுகளை முடிவு செய்கின்றன. கம்பம், கூடலூர் வழியாக வருபவர்கள் லோயர் கேம்ப் அருகிலுள்ள பளியன்குடியிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடந்து ஏறுகிறார்கள். குமுளியிலிருந்து மலைப்பாதையில் ஜீப்புகள் ஓடுகின்றன. அந்த ஒரு நாளில் தமிழகப் பூசாரிகளும் கேரளப் பூசாரிகளும் அவரவர் முறையில் பூசை செய்கிறார்கள். கோயில் பெரிதும் சிதைந்திருக்கிறது. கருவறைகளும் மதிலும் கல் அடுக்குகளாக நிற்கின்றன, பல இடங்களில் சரிந்தும் கிடக்கின்றன.

மலை உச்சியில் பௌத்தக் கோயில், அதன் மேல் ஊரெல்லாம் பார்க்கும்படி ஒரு மாபெரும் சிலை என்ற அமைப்பை இன்று ஆசியாவின் பல இடங்களில் காணலாம். ஹாங்காங்கின் லாண்டாவ் தீவில் 1993இல் திறக்கப்பட்ட 34 மீட்டர் உயர வெண்கலப் புத்தரிடம் போக 268 படிகள் ஏறவேண்டும். கண்டி நகருக்கு மேலே பஹிரவகந்த குன்றில் 88 அடி உயர வெள்ளைப் புத்தர் அமர்ந்திருக்கிறார். மங்கலதேவி மலைக்குக் கீழே உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் பௌத்தம் தொட்டுச் சென்ற ஒரு மலை வழிபாடு இருக்கிறது, அது மங்கலதேவிக் குன்றில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இக்கோயிலைப் பௌத்தக் கோயில் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அதே சமயம், இங்கே வணங்கப்படும் பெண் எப்படித் தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டிக் கடலுக்கு அப்பாலும் தெய்வமானாள் என்பதைப் பௌத்தத்தை ஒதுக்கிவிட்டு விளக்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். பேசுபவர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. சிலப்பதிகாரத்தின்படி கண்ணகி மதுரையை எரித்தபின் மேற்கு வாயில் வழியாக வெளியேறி, வைகைக் கரையோடு நடந்து, நெடுவேள்குன்றத்தில் ஏறி, வேங்கை மர நிழலில் நின்று, பதினான்காம் நாளில், மாண்ட கணவன் கோவலனோடு வானுலகு சென்றாள். அதைக் கண்ட குன்றக் குறவர்கள், பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் சொன்னார்கள். தஞ்சையைச் சேர்ந்த புலவர் சி. கோவிந்தராசனார் இந்த வழியைக் காப்பியத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடிச் சென்று, 1963இல் மங்கலதேவிக் கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். இதற்கு மறுப்புகள் உண்டு. பழைய உரைமரபில் நெடுவேள்குன்றம் என்பது திருச்செங்கோடு என்ற கருத்து இருந்தது. கொடுங்கல்லூர் பகவதியே கண்ணகி என்ற நம்பிக்கை கேரளத்தில் வலுவானது. நிலவியல் முதல் கருத்துக்கு ஒத்துவரவில்லை. திருச்செங்கோடு மதுரைக்கு வடக்கே, காவிரிக் கரைப் பக்கம் இருக்கிறது. வைகையைப் பிடித்து மேற்கே நடப்பவர் அங்கே போய்ச்சேர வழியில்லை. கொடுங்கல்லூர் கடலோரச் சமவெளி, குன்று அல்ல. வைகையையும் அதில் வந்து கலக்கும் முல்லையாற்றையும் பற்றிக்கொண்டு மேலே வந்தால் கூடலூர் மலை வந்துவிடுகிறது. மதுரையிலிருந்து கூடலூர் சுமார் 120 கிலோமீட்டர். பதினான்கு நாள் நடைக்கு அது பொருந்துகிறது. மலைக்கு அப்பால் பெரியாற்றின் படுகை. குறவர்கள் சேரனைச் சந்தித்த செய்திக்கும் இந்த நிலமே இடம் தருகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. செங்குட்டுவன் கண்ணகிக்கு எழுப்பிய கோயில் மலையில் இல்லை, சேரர் தலைநகர் வஞ்சியில் இருந்தது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலையும் கண்ணகியின் படிமத்தை வஞ்சியில்தான் தொழுகிறாள். அப்படியானால் மலைமேல் உள்ளது எப்படிக் கண்ணகி கோட்டமாகும்? காப்பியத்தைக் கவனமாகப் படித்தால் அதிலேயே இரண்டு வழிபாடுகள் இருப்பது தெரியும். அரசன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கங்கையில் நீராட்டிக் கடவுளாக்கிய வழிபாடு பின்னால் வந்தது. அதற்கு முன்பே குன்றக்குரவையில் குறவர்கள் அவளைத் தங்கள் குலத் தெய்வமாக ஏற்றுக் குரவையாடிவிட்டார்கள். மலையில் தேடவேண்டியது செங்குட்டுவனின் கோயிலை அல்ல, குறவர்கள் தொடங்கிய வழிபாட்டின் தடத்தை. இன்று அங்கே நிற்கும் கட்டடம் இடைக்காலத்தது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. காப்பியத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஒரு வழிபாட்டிடத்தில் முதலில் மரத்தடி, பிறகு கல், அதன்பின் கோயில் என்று வளர்வதே தமிழ்நாட்டில் வழக்கமாக நாம் காண்பது.

இந்தப் பள்ளத்தாக்கில் இறந்தோருக்குக் கல் நடும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு நேர்ச்சான்றே இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகையை ஒட்டிய புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழகத்தில் கிடைத்த எழுத்துடை நடுகற்களில் இவையே மிகப் பழையவை என்று கருதப்படுகின்றன. அவற்றில் ஒன்று கூடல்ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனைக் குறிக்கிறது. அந்த ஊர் இன்றைய கூடலூரே என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் வாய்ப்பைத் தள்ளிவிடவும் முடியாது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் விவரிக்கும் கல் தேர்தல், நீராட்டல், நடுதல் ஆகிய சடங்குகள் புலவர் கற்பனையில் முளைத்தவை அல்ல, இந்த மண்ணில் வழக்கில் இருந்தவை. அந்தக் கற்கள் பெரியவையும் அல்ல. ஊரார் கூடி நட்டுப் பெயர் பொறித்த சாதாரணப் பலகைக் கற்கள் அவை.

இனி பௌத்தம். கண்ணகியின் கதையில் பௌத்தர்கள் ஓரத்தில் நிற்பவர்கள் அல்லர். சிலப்பதிகாரமே சொல்கிறது: கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டதும் அவன் தந்தை மாசாத்துவன் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டு பௌத்த விகாரத்துத் துறவிகளோடு சேர்ந்தான்; கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகத் துறவு பூண்டான்; மாதவியும் மகள் மணிமேகலையும் போதி நெறியில் புகுந்தனர். ஒரே துயரத்துக்கு ஒரே குடும்ப வட்டத்தில் இரு சமயங்கள் இடம் தந்தன. மணிமேகலைக் காப்பியம் இன்னும் ஓர் அடி மேலே போகிறது. அதன் இருபத்தாறாம் காதையில் வஞ்சிக் கோயிலில் கண்ணகியின் படிமம் மணிமேகலையிடம் பேசுகிறது. மதுரையை எரித்த வினை தங்களை விடாது, விண்ணுலக வாழ்வு முடிந்தபின் பிறவிகள் எடுத்தே தீரவேண்டும், கடைசியில் கபிலையில் புத்தர் தோன்றும்போது அவர் அறம் கேட்டுத் தானும் கோவலனும் பிறவியை அறுப்போம் என்கிறது. தமிழ் இலக்கியத்தில் இதற்கு நிகரான இடம் குறைவு. எரித்தவள் தெய்வமான பிறகும் வினைக்குக் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று மணிமேகலையை இயற்றிய சாத்தனார் துணிந்து சொல்கிறார். கோபத்தைப் போற்றிய கதைக்குப் பௌத்தம் தந்த மறுமொழி இது. அதே காப்பியத்தில் மாசாத்துவன் வஞ்சியில் பௌத்தத் துறவியாக இருந்து பேத்திக்கு வழி காட்டுகிறான். தன் குலத்தில் ஒன்பது தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒரு கோவலன் சேரனின் நண்பனாக இருந்து அங்கே சைத்தியம் எழுப்பியதையும் சொல்கிறான். சேர நாட்டிலும் பௌத்த வணிகக் குடிகள் வேரூன்றியிருந்ததாகவே காப்பியம் காட்டுகிறது.

சாத்தனார் விட்ட இடத்திலிருந்து இலங்கை தொடர்கிறது. சிங்களப் பௌத்தர்களின் பத்தினி தெய்வம் கண்ணகியே. நாத, விஷ்ணு, கதிர்காம தேவர் ஆகியோருடன் கண்டியின் நான்கு காவல் தெய்வங்களில் அவளும் ஒருத்தி. அவளுடைய அடையாளம் சிலம்பு. கண்டியின் எசல பெரஹெரா விழாவில், புத்தரின் பல்லைப் பேணும் தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும், பத்தினியின் ஊர்வலம் அவற்றில் கடைசி. கொழும்புக்கு அருகே நவகமுவவில் அவளுக்குப் புகழ்பெற்ற தேவாலயம் உண்டு. மழை பொய்த்தாலோ அம்மை பரவினாலோ ஊர்கள் அவளுக்குக் கம்மடுவச் சடங்கு நடத்தின. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பத்தினி வருங்காலத்தில் புத்தராக வேண்டும் என்ற நோன்போடு புண்ணியம் சேர்த்துவருகிறாள் என்ற சிங்கள நம்பிக்கை. மணிமேகலையின் கண்ணகி புத்தரின் அறம் கேட்டு விடுதலை பெறக் காத்திருக்கிறாள், இலங்கையின் பத்தினியோ புத்தராகவே காத்திருக்கிறாள். இரண்டு மரபுகளும் தனித்தனியே இந்த எண்ணத்துக்கு வந்தன என்று நம்புவது கடினம். கண்டிக்குப் போகிறவர் குன்றின்மேல் உள்ள 88 அடிப் புத்தரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். கீழே தலதா மாளிகைக்கு எதிரே, சிறிய தேவாலயத்தில், கம்பம் பள்ளத்தாக்கோடு உறவுள்ள தெய்வம் இருப்பது தமிழ்ப் பயணிகளில் பலருக்குத் தெரியாது.

இந்த உறவுக்குப் பொதுவாகக் காட்டப்படும் சான்று இலங்கை மன்னன் கயவாகு. செங்குட்டுவனின் விழாவுக்குக் கயவாகு வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்தான் என்கிறது இலங்கையின் ராஜாவலிய. இங்கே மறுப்பாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராஜாவலிய பிற்கால நூல். அதைவிடப் பழைய மகாவம்சம், 2ஆம் நூற்றாண்டுக் கயவாகுவைப் பற்றிச் சொல்லும்போது பத்தினியைக் குறிப்பிடவே இல்லை. பத்தினி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1984இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் கணநாத் ஒபேயசேகர, கயவாகு கதையை வரலாறாக ஏற்கவில்லை. ஆனால் அவரே இவ்வழிபாட்டின் வேரைத் தென்னிந்தியச் சமண, பௌத்தச் சூழலில் தேடுகிறார். ஆகவே கயவாகுவை எடுத்துவிட்டாலும் வாதம் சாயாது. அரசன் ஒருவன் ஒரே பயணத்தில் கொண்டுபோனான் என்பதைவிட, வணிகரும் குடியேறிகளும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுசென்றார்கள் என்பதே ஏற்கத்தக்கது. மட்டக்களப்புத் தமிழர் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் எடுக்கும் திருக்குளிர்த்திச் சடங்கும், அங்கு நடந்த கொம்புமுறி விளையாட்டும் இந்தப் பரவலுக்குச் சான்று. அதே விளையாட்டு சிங்களரிடம் அங்கெலிய என்ற பெயரில், பத்தினிக்கே உரியதாக இருக்கிறது. இன்று இரண்டாகப் பிரித்துப் பேசப்படும் மக்கள் ஒரே தெய்வத்தின் முன் ஒரே விளையாட்டை ஆடினார்கள் என்பது சின்னச் செய்தி அல்ல.

கடைசி மறுப்பு பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. இங்கே கண்ணுக்குத் தெரியும் பழைய துறவுச் சமயச் சின்னம் பௌத்தம் அல்ல, சமணம். உத்தமபாளையம் திருக்குணகிரிப் பாறையில் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. தமிழகத்தின் பல சமணக் குன்றுகளில் காணப்படும் சமணத் துறவி அச்சணந்தியின் பெயர் இங்கேயும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தை இயற்றிய இளங்கோவடிகள் சமணர் என்பதே அறிஞர் பலரின் கருத்து; கண்ணகியை மதுரை வரை அழைத்து வந்த கவுந்தியும் சமணத் துறவி. இதையெல்லாம் மறைத்துப் பௌத்தத்தை மட்டும் பேசினால் அது பிழை. உத்தமபாளையத்துச் சிலைகளைப் பார்த்துப் புத்தர் என்று சொல்லிவிடுகிற வழக்கமும் உண்டு, அதைத் திருத்தவேண்டும். புத்தரின் உடலில் சீவர ஆடையின் விளிம்பு தெரியும், உச்சியில் முடிச்சு போன்ற மேடு இருக்கும். தீர்த்தங்கரர் ஆடையின்றி இருப்பார், தலைக்கு மேல் முக்குடை நிற்கும். தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருந்தால் அது பெரும்பாலும் பார்சுவநாதர். சமணச் சான்று வலுவாக இருப்பதால் பௌத்தச் சான்று பொய்யாகிவிடாது. சமணம் கல்லில் நின்றது. பௌத்தம் இந்த மலையைப் பொறுத்தவரை நூலிலும் கடல் கடந்த வழிபாட்டிலும் நின்றது. இரண்டுக்கும் முன்பே குறவர்களின் குரவை இருந்தது.

இதனால்தான் கோட்டத்தின் எதிர்காலம் பற்றிய பேச்சில் கவனம் வேண்டும். பளியன்குடியிலிருந்து சாலை வேண்டும், கோயிலைச் சீரமைக்க வேண்டும், வழிபடும் நாட்களைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கைகள் தேனி மாவட்டத்தில் நெடுங்காலமாக உள்ளன. எல்லை யாருடையது என்ற தகராறு அவற்றை இழுத்தடிக்கிறது. சரியும் சுவர்களைத் தாங்கி நிறுத்துவது அவசரமான வேலை, அதில் இரண்டு மாநிலங்களும் ஒத்துப்போக முடியும்; சித்திரா பௌர்ணமிக்கு ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறவர்கள்தாமே! ஆனால் பிற மலைகளில் எழுவதைப் பார்த்து இங்கும் ஒரு மாபெரும் கண்ணகி சிலை நிறுவலாம் என்ற ஆசை எவருக்கேனும் வந்தால் அது தடுக்கப்படவேண்டும். அதற்கு அடித்தளம் தோண்டினாலே, நடுகல்லுக்கும் கற்கோயிலுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளைச் சொல்லக்கூடிய மண்ணடுக்குகள் அழிந்துபோகும். அந்த அடுக்குகளை முறையாக ஆராய்வதும், கல்வெட்டுகளை மழையும் பாசியும் தின்றுவிடுவதற்குள் முழுமையாகப் படியெடுத்துப் பதிப்பிப்பதும், விழுந்த கற்களுக்கு எண்ணிட்டு அவை இருந்த இடத்திலேயே திரும்ப அடுக்குவதும் சுவர்களைத் தாங்கிய கையோடு தொடங்கவேண்டிய பணிகள்.