நூறு வருஷம் நின்ற இன்ஜின்

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு மிளகு கோடவுனுக்கு ஸ்டாக் பார்க்கப் போனேன். கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த மூட்டைகள் நிஜமாகவே இருக்கின்றனவா என்று எண்ணுகிற வேலை. பி.காம். படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. எண்ணிக்கொண்டே பின்பக்கம் போனால், தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பழைய ஃபியட் 1100. வியாபாரியின் அப்பா 1950களில் வாங்கியதாம். இருபது வருஷமாக நகரவில்லை. இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, காயலான் கடைக்குப் பேசிவிட்டேன் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. விருதுநகரில் அப்பாவின் லாம்பிரட்டா இப்படித்தான் திண்ணையோரம் நின்றது. நான்தான் அதை எடைக்குப் போட்டேன். அப்பா தடுக்கவில்லை. "கிலோ என்ன விலைக்கு எடுத்தான்?" என்று மட்டும் கேட்டார். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் ஊரில் பூட்டிய வீட்டுக்குள் அப்படி ஒரு வண்டி நிற்கும்.

வியாபாரி, விற்பதற்கு முன் ஒருமுறை பார்க்கட்டும் என்று ஒரு முதிய மெக்கானிக்கை வரவழைத்தார். இங்கே அவர்களை 'ஆசான்' என்று கூப்பிடுகிறார்கள். அவர் முதலில் செய்த காரியம், யாரும் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது என்று பேட்டரி வயரைக் கழற்றியதுதான். சும்மா நிற்கிற இன்ஜினில் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தபடிதான் இருக்கும். அதன் வழியே கொச்சியின் உப்புக் காற்று சிலிண்டருக்குள் போய், இரும்புச் சுவரும் பிஸ்டன் ரிங்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பிழைக்கக்கூடிய இன்ஜினை அவசரம்தான் கொன்றுவிடும். நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டேன். "நூறு வருஷம் நின்னது இங்கே ஓடலையா சாரே?" என்றார்.

அவர் சொன்னது கார் அல்ல, ரயில் இன்ஜின். அந்தக் கதை நம் ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்ஸன், தாம்ஸன் அண்டு ஹியூவிட்ஸன் என்ற கம்பெனி கிழக்கிந்திய ரயில்வேக்காக நீராவி இன்ஜின்களைச் செய்து அனுப்பியது. அதில் 22-ஆம் எண்தான் பெயர் பெற்ற 'ஃபேரி குயீன்'. அதன் அக்கா மாதிரி 21-ஆம் எண், 'எக்ஸ்பிரஸ்'. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல்தான் கிளம்பியது. அதற்கு ஒரு வயது மூத்த இன்ஜின் இது! நடுவில் ஒரே ஜோடி பெரிய சக்கரம், அதுதான் இழுக்கும். இரண்டையும் 1909-ல் ஓய்வு கொடுத்து நிறுத்திவிட்டார்கள். ஃபேரி குயீன் 1997-ல் மறுபடி ஓடி உலகப் புகழ் பெற்றது. 21-ஆம் எண்ணோ ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றபடியே நின்றது. நூற்றாண்டு கடந்துவிட்டது.

2010-ல் அதை எழுப்பியவர்கள் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள். நீராவி இன்ஜினில் பிஸ்டனைவிடப் பெரிய கவலை கொதிகலன். துருவில் தகடு மெலிந்திருந்தால், அழுத்தம் ஏறும்போது அது வெடிகுண்டு. அதனால்தான் பழைய கொதிகலன் எதிலும் முதலில் நெருப்பு வைப்பதில்லை. பச்சைத் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அமுங்காது, ஆகவே எங்காவது விட்டுப்போனால் கசியும், வெடிக்காது. ஆசானின் டீசலும் இந்தத் தண்ணீரும் ஒரே புத்திதான்.

இத்தனை பாகம் மாற்றிய பிறகு அது அதே இன்ஜின்தானா என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பணி செய்து கும்பாபிஷேகம் ஆன கோயிலைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்கிறோமா? எனக்கு இன்ஜினைவிட அந்தக் கைகள்தான் ஆச்சரியம். நீராவி போய் எத்தனையோ வருஷமான பிறகும் நம் பக்கத்தில் அந்த வித்தை அழியவில்லை. பொன்மலைப் பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்குப் புத்தம்புது நீராவி இன்ஜின்களையே செய்திருக்கிறார்கள்.

சென்னையில் எழும்பூர் - கோடம்பாக்கம் என்றெல்லாம் ஓடிய அந்த இன்ஜின், 2019 பிப்ரவரியில் கொச்சிக்கு வந்தது. ஒரே ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு எர்ணாகுளத்திலிருந்து கொச்சி ஹார்பர் டெர்மினஸ் வரை புகைவிட்டுப் போனது. மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெலிங்டன் தீவுதான் அது. பிரிஸ்டோ துரை துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதையும் சீஸ் ஆன பாதைதான். ஷொர்ணூர் - எர்ணாகுளம் லைன் 1902-ல் திறந்தது. அதற்குப் பணம் போதாமல் கொச்சி ராஜா ராம வர்மா, திருப்பூணித்துறை கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று இன்றும் இங்கே சொல்வார்கள். (எந்த வங்கி மேனேஜரும் சிபாரிசு செய்யாத வழி!) 1940களில் தண்டவாளம் தீவுக்கு நீண்டது. ஒரு காலத்தில் தூர ரயில்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. 2018-ல் ஒரு டெமு விட்டுப் பார்த்தார்கள், கூட்டமில்லாமல் நிலைக்கவில்லை. ஆக, நின்றுபோன பாதையில் நின்றுபோன இன்ஜின். கரையில் நின்று பார்த்தவர்களில் ஆசானும் ஒருவர்.

எங்கள் கணக்கில் முழுத் தேய்மானமும் கழிந்த சாமானை ஒரு ரூபாய் என்று காட்டுவோம். பூஜ்யம் என்று எழுதினால் சாமான் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும், அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். அந்த ஒரு ரூபாயை நான் இருபது வருஷமாக எழுதி வந்திருக்கிறேன். லாம்பிரட்டாவுக்கு மட்டும் எழுதத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆசான் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று சிலிண்டரில் எண்ணெய் இறங்கியிருந்தது. மூன்றாம் நம்பரில் மட்டும் ஊற்றியது ஊற்றியபடி. "இவன்தான் பிடிச்சு வச்சிருக்கான்." மறுபடி ஊற்றிவிட்டுப் போனார். போன ஞாயிற்றுக்கிழமை முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு, தள்ளாமல், முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு 'டக்'. ஹேண்டில் கால்வாசி சுற்றியது. வியாபாரி காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் ஆயில் மாற்ற வேண்டும், வால்வு பார்க்க வேண்டும், ஓடுமா என்பதெல்லாம் அப்புறம்.

ராத்திரி ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கு நாலு சிலிண்டராடா?"

"ஆமாப்பா."

"நம்ம வண்டிக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.