இருபதாயிரம் பவுண்டும் ஒரு தச்சரும்

1736-இல் லிஸ்பனிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்தது ‘ஆர்ஃபோர்ட்’ போர்க்கப்பல். கரை கண்ணில் பட்டதும், ஸ்டார்ட் முனை வந்துவிட்டது என்றார் வழிநடத்திய மாலுமி. இல்லை, லிசார்ட் முனை என்றார் கூட வந்த தச்சர். அவர் சொன்னதே சரி. மாலுமியின் கணக்கு ஏறக்குறைய 60 மைல் பிசகியிருந்தது.

அந்தத் தச்சர் ஜான் ஹாரிசன். அவரைக் கப்பலேற்றியது ஒரு பரிசு.

1707-இல் சில்லி தீவுப் பாறைகளில் மோதி நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்று அறிய நம்பகமான வழி இல்லாத காலம் அது. 1714-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது: தீர்க்கரேகையை அரை பாகைப் பிழைக்குள் கண்டறிய வழி சொன்னால் 20,000 பவுண்டு.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கடிகாரம் பிசகாமல் காட்டினால், கடலின் உச்சிப்பொழுதோடு ஒப்பிட்டு இடத்தைச் சொல்லிவிடலாம். மேற்கிந்தியத் தீவுகள் வரை மொத்தமாக 2 நிமிடம்தான் பிசகலாம். ஆடும் கப்பலில், வெயிலிலும் குளிரிலும் எந்தக் கடிகாரம் அப்படி ஓடும்? எண்ணெய் இறுகினாலே வேகம் மாறிவிடும். ஹாரிசனோ தானே எண்ணெய்ப்பசை கசியும் லிக்னம் வைட்டே மரத்தைப் பயன்படுத்தி, எண்ணெய் விடத் தேவையில்லாத கடிகாரங்களை ஊரிலேயே செய்திருந்தார். கடலுக்காகச் செய்த முதல் கடிகாரத்தைச் சோதிக்கத்தான் லிஸ்பன் போய்வந்தார்.

பரிசு கடைசியில்தான் வரும். அடுப்பு தினமும் எரிய வேண்டுமே. 1737-இல், பரிசை முடிவுசெய்யும் தீர்க்கரேகை வாரியம் 500 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. பிறகும் தவணை தவணையாகக் கொடுத்தது. பெயர் பரிசு, நடைமுறையில் மானியம். மூன்றாவது கடல் கடிகாரத்தோடு மட்டும் ஹாரிசன் 19 ஆண்டு மல்லுக்கட்டினார். 1759-இல் முடித்த நான்காவது, 13 செ.மீ. அகலத்தில் பெரிய பாக்கெட் கடிகாரம் போலிருந்தது. 1761-இல் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். பிசகு சுமார் 5 வினாடி!

பணம் வரவில்லை. இன்னொரு சோதனை, பிறகு 1765-இல் புதிய சட்டம்: கடிகாரத்தைப் பிரித்து விளக்கினால் பாதி, பிறராலும் செய்ய முடியும் என்று காட்டினால் மீதி. நிலவை வைத்துக் கணக்கிடும் போட்டி முறையின் ஆதரவாளரான வானியலாளர் நெவில் மாஸ்கெலினும் அதே ஆண்டு வாரியத்துக்குள் வந்தார். ஹாரிசன் கொதித்தார். ஆனால் ஒரே ஒருவர் செய்த ஒற்றைக் கடிகாரத்தை நம்பி ஒரு கடற்படையை ஓட்ட முடியாது என்ற வாதத்திலும் நியாயம் இருந்தது.

கடிகாரம் செய்பவரான லார்கம் கெண்டல் 1769-இல் முடித்த, நான்காவது கடிகாரத்தின் நகலைத்தான் கேப்டன் குக் 1772-இல் தன் இரண்டாம் பயணத்துக்கு எடுத்துச் சென்றார். மறு ஆண்டு, மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஹாரிசனுக்காகப் பரிந்து பேசியபின் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போது அவருக்கு 80 வயது. அதுவும் சன்மானம்தான், 1714-இல் அறிவித்த பரிசு அல்ல.