டோக்கும்போவின் குச்சி ஐஸ்

மெக்சிகோவின் மேற்கே, மிச்சோவாக்கான் மாநிலத்தில், டோக்கும்போ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊர் வாசலிலேயே கட்டட உயரத்துக்கு ஒரு குச்சி ஐஸ் சின்னம் நிற்கிறது. 'லா மிச்சோவாக்கானா' என்ற பெயர்ப்பலகையோடு நாடெங்கும் பரவிக்கிடக்கும் பழ ஐஸ் கடைகளுக்கு வேர் இந்த ஊர்தான்.

ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் எரிமலை உச்சிகளிலிருந்து உறைபனியை வெட்டி, கோவேறு கழுதைகளில் நகரத்துக்கு இறக்கினார்கள். அதை விற்கும் உரிமை அரசின் ஏகபோகமாக இருந்ததால், பனியில் குளிர்ந்த பழச்சாறு வசதியுள்ளவர்களின் பண்டமாகவே நின்றது. ஐஸ் இயந்திரம் வந்த பிறகு அது தெருவெங்கும் பரவியது.

1930களில் ரஃபேல் மல்ஃபவோன் என்பவர் டோக்கும்போவில் குச்சி ஐஸ் செய்து அக்கம்பக்கத்தில் விற்றதாக ஊரார் சொல்கிறார்கள். 1940களில் இக்னாசியோ, லூயிஸ் அல்காசர் சகோதரர்களும் நண்பர் அகுஸ்தீன் ஆந்திராதேவும் மெக்சிகோ சிட்டிக்குப் போய்க் கடை போட்டார்கள். கையில் காசு சேர்ந்ததும் சொந்தக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கடன் கொடுத்துப் புதுக் கடை வைக்க உதவினார்கள். தலைமை அலுவலகமோ பொதுத் தொழிற்சாலையோ கிடையாது. அந்தந்தக் கடையின் பின்கட்டிலேயே சரக்கு தயாரானது. இந்தத் தொழிலின் உண்மையான பலம் அதுதான். பக்கத்துச் சந்தையில் அன்று எந்தப் பழம் மலிந்து கிடந்ததோ, அது அன்றே அச்சுக்குப் போக முடிந்தது.

மாமரம் தன் காய்களைச் சில வாரங்களுக்குள் மொத்தமாகப் பழுக்க வைத்துவிடும். தொலைவுக்கு அனுப்பும் பழத்தைக் காய்வெட்டாகப் பறிக்க வேண்டும். மரத்திலேயே கனிந்ததும், தோல் கன்றியதும், அளவில் சிறுத்ததும் வியாபாரியிடம் விலை போகாது. ஐஸ் செய்பவருக்கோ நன்கு கனிந்த பழமே தேவை. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், சர்க்கரை ஏறிய பழம்தான் ஐஸில் எடுபடும். கூழாக்கியபின் உருவமும் தோலும் ஒரு பொருட்டல்ல. அழுகிய பகுதியை மட்டும் இரக்கமில்லாமல் வெட்டி எறிய வேண்டும். அந்த வாடையை எந்தக் குளிரும் மறைக்காது.

செய்முறை எளிது. பழக்கூழோடு தண்ணீரும் சர்க்கரையும் கலந்து, சில துண்டுகளை அப்படியே விட்டு, உலோக அச்சுகளில் ஊற்றுவார்கள். அச்சுத் தட்டு உப்புநீர்த் தொட்டியில் இறங்கும். உப்புநீர் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயும் உறையாது. ஆகவே சாறு விரைவில் இறுகிவிடும். பாதி இறுகியதும் குச்சி செருகப்படும். கடைசியில் அச்சைத் தண்ணீரில் ஒரு கணம் முக்கினால் ஐஸ் கழன்று வரும்.

சுவைகளின் பட்டியல் தமிழருக்கு அந்நியமாக இருக்காது: மாம்பழம், கொய்யா, தேங்காய், முள்சீத்தா, புளி. இவற்றில் கொய்யாவும் முள்சீத்தாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தவை. மாவும் புளியும் ஆசியா, ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து கடல் கடந்து அங்கே போனவை. மிளகாய்த்தூள் சேர்த்த மாம்பழ ஐஸ் அங்கே வெகு பிரபலம்.

பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதலாம் என்ற வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. குடியேறிகளோடு தொழில் அமெரிக்காவுக்குள் நுழைந்து பெரிய நிறுவனங்கள் வளர்ந்ததும், 'லா மிச்சோவாக்கானா' யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அந்நாட்டு நீதிமன்றங்களுக்குப் போனது. மெக்சிகோவிலோ, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏராளமான கடைகள் இன்றும் அதே பெயரில் இயங்குகின்றன.