வீடு தேடிப் போகும் வேலை

கொடைக்கானல் நோய்க்குப் பயந்தவர்கள் கட்டிய ஊர். 1821இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்துவிட்டுப் போனார். 1834இல் மதுரையின் துணை ஆட்சியர் ராட்டன் செண்பகனூரில் ஒரு பங்களா எழுப்பினார். ஆனாலும் ஊர் என்று ஒன்று உருவானது 1845இல், மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் மேலே வந்து வீடு கட்டிய பிறகுதான். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களையும் குழந்தைகளையும் பறிகொடுத்தவர்கள் அவர்கள். முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை என்றதும் இன்னும் உயரம் தேடினார்கள். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் தொடங்கி வெள்ளகவி வழியாக ஏறும் செங்குத்தான பாதையில், டோலியிலும் நாற்காலியிலும் அவர்களை உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிவந்தார்கள். 1910களில் மலைச் சாலை மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கும்வரை இதுவே வழக்கம். அதே பாதையில் இருக்கும் வெள்ளகவிக்கு மிக அண்மைக்காலம்வரை மோட்டார் சாலை கிடையாது. பிரசவ வலி கண்ட பெண்ணையும் நெஞ்சுவலி வந்தவரையும் அந்த ஊர்க்காரர்கள் டோலி கட்டித்தான் தூக்கினார்கள்.

நோயாளியை மலைக்குக் கொண்டுவந்த கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மலையிலேயே பிறந்து, மலையிலேயே நோயில் விழுந்தவரிடம் யார் போனார்கள் என்பதைக் கேட்டவர்கள் குறைவு. பழனி மலையை மட்டும் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்காது. சென்னையின் குடிசைப் பகுதிகளுக்கும் வடாற்காட்டின் கிராமங்களுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கு இந்த மண்ணில் கிடைத்த பெரிய வெற்றிகளில் மருந்துக்கு இருந்த பங்கு, அந்த மருந்தோடு வீட்டு வாசலில் போய் நின்ற ஊழியருக்கும் இருந்தது. ஆஸ்பத்திரி எட்டாத இடத்துக்கு ஒப்புக்குச் சொல்லும் மாற்றாக அந்த ஊழியரைப் பார்க்கும் பழக்கம் தவறு. சிகிச்சையின் நடுப்பகுதியே அவர்தான். அதை மறந்துவிட்டுத்தான் நாம் ஒவ்வொரு முறையும் அவரைத் தற்காலிக ஆளாக வைத்து, வேலை முடிந்ததாகச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

கிளாவரையை வைத்து இதை யோசிக்கலாம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போகும் சாலை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி அங்கேதான் முடிகிறது. அதற்கு அப்பால் காடு. காட்டைத் தாண்டினால் கேரளத்தின் வட்டவடை. அடுக்கடுக்காக வெட்டிய நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். இப்படிப்பட்ட ஊரில் திடீரென்று வரும் ஆபத்தும் நாள்பட்ட நோயும் முற்றிலும் வேறு வேறு கணக்கு. பாம்பு கடித்தால் ஊரே ஓடிவரும், ஜீப் பிடிக்கும், ராத்திரி என்றும் பார்க்காது. பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனால் யாரும் ஓடிவர மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். அதை வாங்கப் போகும் நாள் இலவசமில்லை. காலை பஸ், வரிசை, திரும்பும் பஸ், அன்றைய கூலி போச்சு. இது மாதம் ஒரு முறை, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை, ஆயுள் முழுக்க. பூண்டு எடுக்கும் நாட்களில் மாத்திரைக்காக வேலையை விட்டுவிட்டு யார் போவார்கள்? போகாமல் விட்டாலும் உடம்பு எதுவும் சொல்வதில்லை, ரத்த அழுத்தம் வலிக்காது. ஒருநாள் கையும் காலும் ஒரு பக்கமாக விழுந்த பிறகுதான் விட்டுப்போன மாதங்கள் கணக்குக்கு வருகின்றன. அதன் பிறகு, படி ஏறி இறங்காமல் எங்கேயும் போக முடியாத ஊரில், அவருக்குத் திண்ணையே எல்லை.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1950களில் காசநோய் இதே வடிவில்தான் நின்றது. அதுவரை காசநோய்க்கான மருத்துவம் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுத்த படுக்கையாக ஓய்வு. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் அப்படி எழுந்தது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கியதும் அதுவே. இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் இருக்கிறது. அமெரிக்க மிஷன்காரர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிய அதே நம்பிக்கைதான், இடம் மாறினால் நோய் மாறும் என்பது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் சானடோரியப் படுக்கைகள் ஒன்றுமே இல்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டுக்கு.

வீட்டில் இருந்தவர்களுக்கு எல்லாமே பாதகமாக இருந்தது. நெரிசலான ஒற்றை அறை, போதாத சாப்பாடு, முடிந்தவர்கள் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் அவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டு, அதிகம் எடை போட்டார்கள். ஆனால் 1959இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு வேறுபாடும் மறைந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றும் அபாயமும் கூடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். காற்றும் ஓய்வும் தேவையில்லை, மருந்து போதும் என்றுதான் இதைப் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. ஏனென்றால் வீட்டில் விடப்பட்டவர்கள் வெறும் மருந்தோடு விடப்படவில்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் அந்தச் சந்துகளுக்குள் போனார்கள், சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் வாங்கினார்கள், குடும்பத்தாரிடம் பேசினார்கள். ஆய்வை வழிநடத்திய டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி தானாக மருந்தை விடாமல் சாப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதே அதன் பொருள். சற்று தேறியதும் மனிதர்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்; படித்தவரும் நிறுத்துகிறார், பாமரரும் நிறுத்துகிறார். சென்னையில் பிறந்த இந்தப் புரிதல்தான் பின்னாளில் ஊழியர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையாக வளர்ந்து, 1990களில் டாட்ஸ் என்ற பெயரில் உலகம் சுற்றியது.

தொழுநோய் இன்னும் நீண்ட பாடம். 1955இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் உருவானதும் அதே காலத்தில்தான். டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். கிராமத்தில் நோயை மறைப்பார்கள். ஆகவே பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தோலைப் பார்த்து, மாத்திரை கொடுத்து, அட்டையில் குறித்து வந்தார்கள். அவர்கள் செய்ததில் மிகப் பெரியது மாத்திரை கொடுத்தது அல்ல, பாதத்தைப் பார்த்ததுதான். தொழுநோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியை எடுத்துவிடும். ஆணி குத்தினாலும் அடுப்புத் தணல் சுட்டாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகி, புண் எலும்புவரை போய், விரல் போகும். விரல்கள் அழுகி விழுவது நோயாலேயே என்ற பழைய எண்ணத்தை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் உடைத்தார். உணர்ச்சி இல்லாத பாதம் படும் சிறு காயங்களே காரணம் என்று காட்டி, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைப் பரப்பினார். செருப்பு கொடுத்தால் மட்டும் போதாதே. தினமும் பாதத்தை ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரலிடுக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊழியர் தரையில் உட்கார்ந்து நோயாளியின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து, தழும்பையும் சூட்டையும் தடவிப் பார்த்து, இந்த இடத்தில் நாளை புண் வரும் என்று சொல்வார். ஊரே தொடக் கூசிய பாதம் அது.

1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. நோயாளிகள் வேகமாகக் குறைந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் தொழுநோய்ப் பணி பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டது. இதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன: தனித் துறை இருக்கும்வரை நோயாளி மீதான தீட்டும் இருக்கும், குறைந்துபோன நோய்க்குத் தனிப் படை வீண் செலவு. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படையிடம் இருந்த கை அறிவை வாங்கிக்கொள்ள அடுத்த வரிசை என்று ஒன்று இல்லை. அதே ஆண்டுகளில்தான் சர்க்கரை நோய் கிராமத்துக்குள் வந்துகொண்டிருந்தது. சர்க்கரையும் நரம்பைத்தான் கெடுக்கிறது, பாதத்தைத்தான் மரத்துப்போகச் செய்கிறது. கரிகிரியில் பழகிய செருப்பும் பாதப் பரிசோதனையும் அப்படியே தேவைப்பட்டன. கிராம சுகாதார செவிலியரோ அந்த நேரத்தில் பிரசவம், தடுப்பூசி, குடும்பநலம் ஆகியவற்றில் மூழ்கியிருந்தார். அந்தத் துறைகளில் தமிழகம் கண்ட முன்னேற்றம் அவர் காலால் நடந்து சம்பாதித்தது. பெரியவர்களின் நாள்பட்ட நோய் அவர் ஏட்டில் ஓரத்தில்தான் இருந்தது. ஆஷா ஊழியரைக்கூட இந்த மாநிலம் மலை, பழங்குடிப் பகுதிகளோடு நிறுத்திக்கொண்டது. அவர் வேலையும் தாய் சேய் நலத்தைச் சுற்றியே. இருபதாண்டுக்கு மேல் இந்த இடம் ஏறத்தாழ காலியாக இருந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம் என்றது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் அந்தக் காலி இடத்தில்தான் வந்து நின்றது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள் பிரஷர் கருவியோடும் சுகர் பார்க்கும் கருவியோடும் வீட்டுக்கு வருகிறார்கள். மாத்திரை தருகிறார்கள், அட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்க்கிறார்கள். 1956இல் தொடங்கிய ஆய்வில் சென்னைச் சந்துகளில் நடந்த அதே எண்ணும் வேலைதான். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை மருத்துவரும் வலி நிவாரணச் செவிலியரும் வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இதற்குக் கிடைத்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, மலைக்கு முதலில் தேவை சாலையும் ஆஸ்பத்திரியும், வீட்டுக்கு வரும் பெண் அல்ல என்பது. சாலை கட்டாயம் வேண்டும், வெள்ளகவியைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார். ஆனால் கிளாவரைக்குச் சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது; மாத்திரை விட்டுப்போவது அதனால் நிற்கவில்லை. சென்னை ஆய்வின் நோயாளிகளும் மருத்துவ மையத்துக்கு வெகு தொலைவில் வாழ்ந்தவர்கள் அல்ல. அவர்களுக்கே வீட்டுக்கு வரும் ஆள் தேவைப்பட்டார். தூரம் குறைந்தால் நோயாளி தானாக வருவார் என்பதை அந்த ஆய்வு அன்றே பொய்யாக்கிவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. சொல்லாமல் வந்து மாத்திரையை எண்ணுவது உதவியா, உளவா? ஏழை வீட்டுக்குள் மட்டும்தானே அரசாங்கம் இப்படி நுழைகிறது? காசநோய்த் திட்டங்களில் நோயாளியைச் சந்தேகத்துக்குரியவராகவே நடத்திய காலம் இருந்தது, அது வலிக்கும் உண்மை. இதற்குத் தீர்வு வருகையை நிறுத்துவது அல்ல. வருபவர் யார், எத்தனை காலமாக வருகிறார் என்பதை மாற்றுவது. ஆண்டுக்கு ஓர் ஆள் மாறிக்கொண்டே வந்தால் அது சோதனைதான். அதே ஊர்ப் பெண் பத்தாண்டு வந்தால், “ஏன்த்தா, போன மாசம் சாப்பிடலையா?” என்று கேட்பதற்கு நோயாளி பொய் சொல்ல வேண்டியதில்லை. தலைசுற்றுகிறது, அதனால் நிறுத்தினேன் என்று அவர் சொல்லும்போது அது மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் ஆகிறது.

குடும்பம் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றும் கேட்பார்கள். மலைக் குடும்பம் என்று இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு மருமகளோ மகளோதான். விடிந்ததும் காட்டு வேலைக்குப் போய், திரும்பி வந்து, படுத்திருப்பவரைத் திருப்பிப் போட்டு, படுக்கைப் புண்ணைத் துடைப்பவர் அவர். அவருக்குப் புண்ணை எப்படிக் கட்டுவது என்று காட்டிக்கொடுக்க யாராவது வர வேண்டும். ஊழியர் வருவது குடும்பத்தின் இடத்தைப் பிடிப்பதற்கு அல்ல, அந்த ஒரு பெண்ணைத் தனியாக விடாமல் இருப்பதற்கு.

பிறகு சம்பளம். மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண்கள் தன்னார்வலர்கள். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய், பின்னர் 5,500 ரூபாய் ஊக்கத்தொகை. சம்பளம் கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும் என்பவர்கள் கேரளத்தைக் காட்டுவார்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களால் வளர்ந்தது உண்மைதான். ஆனால் 2008இல் கேரள அரசு கொள்கை வகுத்தபோது அந்த அன்பை மட்டும் நம்பி உட்காரவில்லை. பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வீட்டுப் பராமரிப்பை வைத்து, அதற்குப் பயிற்சி பெற்ற செவிலியரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் ஏற்பாட்டைச் செய்தது. தன்னார்வலர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். காட்டுக்கு அந்தப் பக்கம் வட்டவடையில் இந்த ஏற்பாடு பஞ்சாயத்தின் கடமை. இந்தப் பக்கம் கிளாவரையில் அது ஒரு திட்டம். திட்டங்களுக்கு ஆயுள் உண்டு என்பதைத் தொழுநோய்ப் படையின் கதை சொல்லியிருக்கிறது. சர்க்கரையும் பிரஷரும் தொழுநோயைப் போல ஒருநாள் குறைந்து மறையப்போவதில்லை. ஆகவே இந்தப் பெண்களுக்கு நிரந்தரப் பணியும், பாதம் பார்ப்பது முதல் புண் கட்டுவதுவரை முறையான பயிற்சியும், மலை ஊர்களில் ஏறி இறங்குவதற்குத் தனிப் படியும் கேட்பதைச் சலுகைக் கோரிக்கை என்று ஒதுக்க முடியாது. கரிகிரியில் பழகிய தொழுநோய் ஊழியர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர்களை அழைத்து இவர்களுக்குப் பாதம் பார்க்கச் சொல்லித்தர வைப்பதானால், அதை இந்த ஆண்டே செய்ய வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது.