லஞ்சப் பணம் யாருக்குச் சொந்தம்?

கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் அதிகாரி, சரக்கு விற்பவரிடம் ரகசியமாகக் கமிஷன் வாங்குகிறார். அந்தக் கமிஷன் பில்லில் ஏறி, கடைசியில் முதலாளியின் தலையில்தான் விடிகிறது. இங்கிலாந்தில் தனியார் தொழிலில் நடக்கும் இந்தக் கையூட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் வந்தது 1906இல்தான். அதற்கு முன்பே, ஏமாந்த முதலாளி நஷ்டத்தை மீட்பதற்கான வழிகளை சிவில் நீதிமன்றங்கள் வழக்கு வழக்காக வகுத்து வந்தன.

முதலில் உறுதியானது ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை. கடலடியில் தந்திக் கேபிள் பதிக்க ஒரு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. வேலை சரியாக நடந்திருக்கிறது என்று சான்று தர வேண்டியவர் அந்தக் கம்பெனியின் பொறியாளர். அவருக்கே ஒப்பந்ததாரர் ரகசியமாகத் துணை ஒப்பந்தம் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தை உதறிவிட்டு, கட்டிய பணத்தையும் கம்பெனி திரும்பப் பெறலாம் என்று 1875இல் தீர்ப்பானது. 1888இல் மீன்பிடிக் கம்பெனி ஒன்றின் நிர்வாக இயக்குநர், படகு கட்டியவர்களிடம் கமிஷன் வாங்கிய வழக்கு வந்தது. அவரை வேலையை விட்டு நீக்கியபோது இந்தக் கமிஷன் விஷயம் கம்பெனிக்குத் தெரியாது, பின்னால்தான் வெளிப்பட்டது. ஆனாலும் நீக்கம் செல்லும், கமிஷனையும் ஒப்படைக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

சிக்கல் 1890இல் வந்த லிஸ்டர் – ஸ்டப்ஸ் வழக்கில் தொடங்கியது. பட்டு நூற்பும் சாயத் தொழிலும் நடத்திய லிஸ்டர் நிறுவனத்துக்குச் சாயப் பொருள் முதலியவற்றை வாங்கியவர் ஃபோர்மேன் ஸ்டப்ஸ். விற்றவர்களிடம் 5,500 பவுண்டுக்கு மேல் கமிஷன் பெற்று, அதில் நிலம் வாங்கிப் போட்டார் என்பது புகார். வழக்கு முடியும்வரை அந்தச் சொத்தைக் கைமாற்றாதபடி தடை கேட்டது நிறுவனம். நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். ஸ்டப்ஸ் முதலாளிக்குக் கடன்பட்டவர் மட்டுமே, முதலாளியின் சொத்தை அவருக்காக வைத்திருக்கும் டிரஸ்டி அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்படியானால், லஞ்சத்தில் வாங்கிய நிலத்தின் விலை ஏறினால் லாபம் லஞ்சம் வாங்கியவருக்கே. அவர் திவாலானால், முதலாளி அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஏமாந்தவருக்கு இது பெரிய அநியாயம். இத்தனைக்கும் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்த 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம், நம்பிக்கைப் பொறுப்பிலுள்ள ஏஜென்டோ இயக்குநரோ அந்தப் பொறுப்பைப் பயன்படுத்தி அடைந்த ஆதாயத்தை, யாருடைய நலனைக் காக்க வேண்டியவரோ அவருக்காகவே வைத்திருக்க வேண்டும் என்று 88ஆம் பிரிவில் சொல்லிவிட்டிருந்தது.

இதற்கிடையே, லஞ்சத்தையும் நஷ்டத்தையும் சேர்த்தே வசூலிக்க முடியுமா என்ற கேள்விக்கு மலேசியாவிலிருந்து போன வழக்கில் விடை கிடைத்தது. அரசு அலுவலர் கூட்டுறவு வீடமைப்புச் சங்கம் ஒன்று பினாங்கில் நிலம் தேடியது. 4,56,000 மலேசிய டாலருக்குக் கிடைத்த நிலத்தை இடையில் ஒருவர் வாங்கி, சங்கத்துக்கே 9,44,000 டாலருக்கு விற்றார். விஷயம் தெரிந்தும் வாய் திறக்காத சங்க இயக்குநருக்கு லாபத்தில் கால் பங்கு, 1,22,000 டாலர், போய்ச் சேர்ந்தது. நிலத்தில் குடியிருந்தவர்களை வெளியேற்ற விற்றவர் செலவிட்ட 45,000 டாலரைக் கழித்தால், சங்கத்தின் நஷ்டம் 4,43,000 டாலர். இரண்டு தொகையையும் இயக்குநர் தர வேண்டும் என்று மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை, அந்த நாட்டு மேல்முறையீடுகளை அப்போது விசாரித்துவந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1978இல் மாற்றியது. லஞ்சத் தொகையைக் கேட்கலாம், அல்லது நஷ்டத்தைக் கேட்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சங்கத்துக்கு 4,43,000 டாலர் தீர்ப்பானது.

லிஸ்டர் தீர்ப்பின் பிடி 1993இல் தளர்ந்தது. ஹாங்காங்கின் அரசு வழக்கறிஞர் ரீட், வழக்குகளைக் கெடுக்க வாங்கிய லஞ்சத்தில் நியூசிலாந்தில் மூன்று வீட்டுச் சொத்துகளை வாங்கியிருந்தார். லஞ்சம் கைக்கு வந்த கணமே அது முதலாளிக்கு உரியது, அதில் வாங்கிய சொத்தின் மதிப்பு ஏறினால் ஏற்றமும் அவருக்கே, இறங்கினால் குறையை லஞ்சம் வாங்கியவர் ஈடுகட்ட வேண்டும் என்றது பிரிவி கவுன்சில். ஆனால் அதன் தீர்ப்பு இங்கிலாந்து நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. 2011இல்கூட அங்கே பழைய விதியே வென்றது.

முடிவு கட்டியது ஒரு ஹோட்டல் வியாபாரம். 2004இல் மான்டே கார்லோ கிராண்ட் ஹோட்டலை 21.15 கோடி யூரோவுக்கு வாங்கியவர்களுக்காகப் பேரம் பேசிய ஏஜென்ட், விற்றவர்களிடமிருந்து ஒரு கோடி யூரோ கமிஷன் பெற்றிருந்தார். வாங்கியவர்களிடம் அதை முறையாகச் சொல்லி ஒப்புதல் பெறவில்லை. 2014 ஜூலையில் ஏழு நீதிபதிகள் கொண்ட பிரிட்டன் உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தப் பணம் ஹோட்டலை வாங்கியவர்களின் சொத்தே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து, லிஸ்டர் தீர்ப்பை இனிப் பின்பற்றக் கூடாது என்றது. ஏஜென்டுக்குக் கடன் கொடுத்த மற்றவர்கள் பாதிக்கப்படுவார்களே என்ற பழைய ஆட்சேபத்தையும் அமர்வு பரிசீலித்தது: லஞ்சப் பணம் முதலில் ஏஜென்டின் சொத்தில் சேர்ந்திருக்கவே கூடாதது, அதில் கடன் கொடுத்தவர்கள் பங்கு கேட்க முடியாது.