எதிராளி இல்லாத ஆட்டம்: கேலிக் விளையாட்டுகளும் அயலார் பாராட்டும்

2014 கோடையில் ஸ்கை ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டங்களைப் பிரிட்டனில் ஒளிபரப்பத் தொடங்கியது. அந்தப் பருவத்தில் அயர்லாந்து ஏடுகளுக்கும் இணையதளங்களுக்கும் புதுவகைச் செய்தி ஒன்று வாய்த்தது. யார் வென்றார், யார் தோற்றார் என்பதெல்லாம் வழக்கமான பக்கங்களில் இருந்தன. அவற்றுக்கு அருகிலேயே, ஹர்லிங்கை முதன்முறை பார்த்த ஆங்கிலேயர்கள் ட்விட்டரில் எப்படி வாய்பிளந்தார்கள் என்ற தொகுப்பும் வந்தது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு மட்டையோடு மோதுகிறார்களே, இவர்களுக்குச் சம்பளம்கூடக் கிடையாதா என்ற வியப்புகள். இவற்றை ஆசையாகப் படித்துப் பகிர்ந்தவர்கள் ஐரிஷ் மக்கள்தாம்.

இது சிறு விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலேய விளையாட்டு மோகத்தை உதறுவதற்காகவே பிறந்த ஓர் இயக்கத்தின் 130-ஆவது ஆண்டில் நடந்தது என்பதால் ஆய்வுக்குரியது. இதற்கு எல்லோர் நாவிலும் தயாராக இருக்கும் விடை, குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற தாழ்வுணர்ச்சி என்பது. ஆஸ்திரேலிய விமர்சகர் ஏ. ஏ. பிலிப்ஸ் 1950இல் தம் நாட்டு எழுத்தாளர்களிடம் கண்டு பெயரிட்ட அதே பண்பாட்டுக் கூச்சத்தை அயர்லாந்துக்கும் பொருத்திவிடுவார்கள். அந்த விடை முழுத் தவறன்று, ஆனால் பாதிதான். அதே அயர்லாந்து ரக்பியிலும் கால்பந்திலும் வேறு விதமாக நடந்துகொள்வது ஏன் என்பதை அது விளக்காது. கேலிக் ஆட்டங்களுக்கு வெளிநாட்டு எதிராளி இல்லை என்ற அமைப்புக் குறையே இந்தப் பாராட்டுப் பசியின் முதன்மைக் காரணம் என்பதே என் வாதம்.

ஹர்லிங் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய, அடி அகன்ற மட்டை. பந்து அளவில் ஏறக்குறைய கிரிக்கெட் பந்து; எடை 110 முதல் 120 கிராம் வரை. ஆங்கில எச் எழுத்து வடிவக் கம்பங்களில் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளிக்குச் சமம். சட்டத்துக்கு மேலே பறந்தால் 1 புள்ளி. இதையும் கேலிக் கால்பந்தையும் ஆள்வது, 1884 நவம்பர் 1 அன்று திப்பரேரி கவுண்டியின் தர்லஸ் ஊரில் ஹேஸ் ஹோட்டலில் கூடித் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம். தொடங்கியவர்களில் முதல்வரான மைக்கேல் கியூசாக், கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடித் தெளிந்த பள்ளி ஆசிரியர். சங்கத்தின் புரவலராக இருக்க இசைந்து கேஷல் பேராயர் தாமஸ் குரோக் எழுதிய கடிதம், இறக்குமதி ஆட்டங்களையும் இறக்குமதி உடைகளையும் ஒரே மூச்சில் சாடியது.

ஆனால் சங்கம் தன் ஆட்டங்களுக்குக் கொடுத்த உருவம் எங்கிருந்து வந்தது? எழுதிய விதிகள், அளந்த களம், ஆண்டுதோறும் சாம்பியன் போட்டி, குழுக்கள், நடுவர் ஆகிய எல்லாமே விக்டோரியா காலத்து இங்கிலாந்து விளையாட்டுக்குக் கற்றுத்தந்தவை. வரலாற்றாசிரியர் டபிள்யூ. எஃப். மாண்டில் இதை 1980களிலேயே வலியுறுத்தினார். பால் ரவுஸ் பின்னர் விரிவாக எழுதியிருக்கிறார். ஹர்லிங்கின் தொன்மைக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகளிலும் ஆள்பவர் கை தெரிகிறது. அதைத் தடைசெய்த 1366-ஆம் ஆண்டு கில்கென்னிச் சட்டமும் 1527-ஆம் ஆண்டு கால்வே நகர ஆணையும் இன்று பெருமையோடு எடுத்துக்காட்டப்படுகின்றன. 1770களில் தீவைச் சுற்றிவந்த ஆங்கிலேய வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங், ஹர்லிங்கைக் கிரிக்கெட்டோடு ஒப்பிட்டார்; ஆடுபவர்களின் துள்ளலைப் பார்த்து, இவர்கள் உண்ணும் உணவில் சத்துக்குறைவு இருக்க முடியாது என்று முடிவுகட்டினார். உருளைக்கிழங்கின் தரத்துக்கு ஹர்லிங் சாட்சியம் சொன்னது! ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்காமல், அதை ஆடும் இனத்தைப் பற்றிய சான்றாகப் பார்க்கும் பழக்கத்துக்கு வயது அதிகம்.

சங்கத்தின் புகழ்பெற்ற தடையையும் இந்த ஒளியில் படிக்க வேண்டும். கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகியவற்றை ஆடும் உறுப்பினரும், போய்ப் பார்க்கும் உறுப்பினரும் நீக்கப்படுவர் என்ற விதி 1971 வரை நீடித்தது. அதன் உச்சக் காட்சி 1938இல் அரங்கேறியது. அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், நவம்பர் 13 அன்று டாலிமவுண்ட் பார்க்கில் அயர்லாந்து-போலந்து கால்பந்துப் போட்டிக்குப் போனார். நாட்டின் தலைவராக அது அவர் கடமை. சங்கமோ அவரைப் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கியது. இதே ஹைட்தான் 1892இல் ஆற்றிய பேருரையில், ஆங்கிலேயரை வெறுத்துக்கொண்டே அவர்களை நகல் எடுக்கும் ஐரிஷ் மனத்தைக் கண்டித்து, அதற்கு மாற்றாக இந்தச் சங்கத்தின் பணியை அரசியல்வாதிகளின் பேச்சுக்கெல்லாம் மேலாக வைத்தவர். அயலார் ஆட்டத்தைப் பார்ப்பதே தீட்டு என்று சட்டம் போட்டவர்களும், அயலார் நம் ஆட்டத்தைப் பார்த்து வியக்க வேண்டுமென்று ஏங்குபவர்களும் எதிரெதிர் முகாம்கள்போலத் தெரிவார்கள். இரு சாராருக்கும் அளவுகோல் அயலாரிடமே இருந்தது.

இனி, எதிராளி என்ற விஷயத்துக்கு வருவோம். 1949 செப்டம்பர் 21 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அயர்லாந்துக் கால்பந்து அணி இங்கிலாந்தை 2-0 என வென்றது. இங்கிலாந்து தன் சொந்த மண்ணில், ஐக்கிய இராச்சியத்தின் அணிகள் தவிர்த்த ஓர் அணியிடம் தோற்றது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட்டில் இங்கிலாந்தை வீழ்த்தியது. இத்தகைய வெற்றிக்குப் பிறகு யாரும் எதிராளியிடம் போய், எங்கள் ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. கணக்கு ஆட்டப் பலகையிலேயே முடிந்துவிடுகிறது. ஹர்லிங்குக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதில் இங்கிலாந்தை வெல்லவும் முடியாது, தோற்கவும் முடியாது. வெல்ல ஆளில்லாத இடத்தில் எஞ்சுவது பார்வையாளரின் வியப்பு மட்டுமே. உலகிலேயே புல்தரையில் ஆடப்படும் மிக வேகமான ஆட்டம் என்று ஹர்லிங்கைப் பற்றிச் சலிக்காமல் சொல்லப்படும் வாசகத்தைப் பாருங்கள்: களத்தில் நிரூபிக்க வழியில்லாத ஒரு முதலிடத்தை அது கோருகிறது.

சங்கத்தின் வரலாற்றில் எதிராளியைத் தேடிய பயணங்கள் ஒரு தொடராகவே கிடைக்கின்றன. 1888இல் அயர்லாந்தின் பழைய விளையாட்டுத் திருவிழாவான டெய்ல்டின் விழாவை உயிர்ப்பிக்கப் பணம் திரட்டுவதற்காக ஏறத்தாழ 50 வீரர்கள் அமெரிக்கா போனார்கள். அந்தப் பயணத்தை அவர்களே படையெடுப்பு என்று அழைத்துக்கொண்டார்கள். மோசமான வானிலை, அமெரிக்கத் தடகள அமைப்புகளுக்குள் பூசல், அதிபர் தேர்தல் பரபரப்பு எல்லாம் சேர்ந்து கூட்டம் வரவில்லை. திரும்பிவர நில உரிமைப் போராட்டத் தலைவர் மைக்கேல் டேவிட்டின் பண உதவி தேவைப்பட்டது. சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் அந்த ஆண்டுச் சாம்பியன் போட்டி முடிக்கப்படாமலே போயிற்று. வெளியே காட்டப் போனதில் உள்ளே ஆட வேண்டியது நின்றது. இந்தக் கதை பின்னாலும் வரும்.

டெய்ல்டின் விழா ஒருவழியாக 1924இல், உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஓராண்டுக்குச் சற்று அதிகமான நிலையில் டப்ளினில் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக் முடித்து வந்த ஜானி வைஸ்முல்லர் ஃபீனிக்ஸ் பார்க் குளத்தில் நீந்திக் காட்டினார். ஐரிஷ் வம்சாவளியே இல்லாத அமெரிக்க நீச்சல்காரர் கேலிக் விழாவின் நட்சத்திரம் ஆனதில், புது அரசுக்கு எந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது என்பது தெரிகிறது. பின்னர் ஆஸ்திரேலியாவோடு ஒரு கலப்பு ஆட்டம் உருவாயிற்று. 1967இல் ஹாரி பைட்ஸெல் கூட்டிவந்த ஆஸ்திரேலிய அணி, அப்போதைய கேலிக் கால்பந்து சாம்பியன் மீத் கவுண்டியை, சங்கத்தின் தலைமை மைதானமான டப்ளின் குரோக் பார்க்கிலேயே தோற்கடித்தது. 1984 முதல் அது முறையான தொடர் ஆனது. பந்து இவர்களுடையது, பிடித்து வீழ்த்தும் முறை அவர்களுடையது. சம்பளமில்லாத கேலிக் வீரனுக்கு அயர்லாந்தின் சட்டையை அணியக் கிடைத்த அரிய வாய்ப்பு அதுதான் என்பதால் வீரர்கள் அதை விரும்பினார்கள். அடிதடி முற்றி 2007இல் தொடரை நிறுத்தும்படி ஆயிற்று. பிறகு மீண்டது, 2017க்குப் பின் பல ஆண்டுகள் நடக்கவில்லை.

எதிராளியைத் தேடிய இந்தப் பயணங்களின் வரிசையில் 1947ஐச் சேர்ப்பது வழக்கம். நான் சேர்க்கமாட்டேன். பெரும்பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டுக்கு நூறாண்டு நிறைவாக, அகில அயர்லாந்துக் கேலிக் கால்பந்து இறுதி ஆட்டம் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் செப்டம்பர் 14 அன்று நடந்தது. கேவன் 2-11, கெர்ரி 2-7. வானொலியில் வர்ணனை சொன்ன மிஹால் ஓ'ஹெஹிர், அட்லாண்டிக்குக்கு அப்பால் தொலைபேசித் தொடர்பு வாடகைக்கு எடுத்த நேரம் தீர்வதைக் கண்டு, இணைப்பகத்தில் யார் இருந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் துண்டிக்காதீர்கள் என்று வர்ணனைக்கு நடுவிலேயே கெஞ்சினார். அவர் யாருக்காகக் கெஞ்சினார் என்பது முக்கியம். கேவனிலும் கெர்ரியிலும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்காக. மைதானத்தில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் கடல் கடந்து போன ஐரிஷ் குடும்பத்தினர். அமெரிக்கரின் மெச்சுதல் அங்கே இரண்டாம்பட்சம். புலம்பெயர்ந்தோரை அயலார் கணக்கில் சேர்த்துவிடுவது இத்துறை ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிசகு. ஹர்லிங்கின் மகுடமான லியம் மெக்கார்த்தி கோப்பையே லண்டனில் பிறந்த ஐரிஷ் மகன் ஒருவரின் பெயரைத் தாங்கியது.

இதற்கு எதிர்முனையில் 2015 நவம்பரில் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் கால்வேயும் டப்ளினும் ஆடிய ஆட்டத்தை வைக்கலாம். ஹர்லிங் களம் குறைந்தது 130 மீட்டர் நீளம். பேஸ்பால் மைதானத்தில் அதற்கு இடமில்லை. எனவே அணிக்கு 11 பேர். அது போகட்டும். அங்கே குறுக்குச் சட்டத்துக்கு மேலே அடிக்கும் புள்ளியையே எடுத்துவிட்டார்கள். கோல் மட்டுமே கணக்கு. அருகிலிருந்து அடித்தால் 3, தொலைவிலிருந்து அடித்தால் 5. விவரம் தெரியாத அமெரிக்கப் பார்வையாளருக்கு எளிதாகப் புரிய வேண்டுமாம்.

இழப்பு என்னவென்று பார்க்கலாம். பக்கக்கோட்டில் பந்து புல்மேல் அசையாமல் கிடக்கிறது. கையால் எடுக்க அனுமதியில்லை. ஆடுபவர் இரண்டடி பின்வாங்கி, மட்டையின் அகன்ற அடியைச் சாய்த்து, பந்துக்கும் புல்லுக்கும் நடுவே அரிவதுபோல் வீசுகிறார். பந்து சுழன்று எழுந்து, காற்றில் வளைந்து, ஐம்பது மீட்டருக்கு அப்பால் கம்பங்களுக்கு நடுவே சட்டத்தைத் தாண்டிப் போகிறது. பலகையில் ஒரே ஒரு புள்ளி ஏறுகிறது. இவ்வளவு கடினமான வேலைக்கு இவ்வளவு சிறிய கூலி என்ற கணக்கை அறிந்தவர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஃபென்வே பார்க்கில் அந்த அடிக்கு மதிப்பே இல்லை. வியப்பைச் சம்பாதிப்பதற்காக, வியக்கத் தக்கதைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

அயலார் கண்ணோட்டம் எப்போதும் கேடுதானா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. 2005இல் சங்கத்தின் பேராளர்கள் 227-97 என்ற வாக்கில், குரோக் பார்க்கில் ரக்பிக்கும் கால்பந்துக்கும் இடம்தர வழிசெய்தார்கள். 1920 நவம்பர் 21 அன்று அரசப் படைகள் சுட்டு 14 பேர் உயிரிழந்த மைதானம் அது. இறந்தவர்களில் திப்பரேரி வீரர் மைக்கேல் ஹோகனும் ஒருவர். 2007 பிப்ரவரி 24 அன்று அங்கே இங்கிலாந்தின் தேசிய கீதம் அமைதியாகக் கேட்கப்பட்டது. பின் ஐரிஷ் ரக்பி அணி 43-13 என வென்றது. 2011இல் இரண்டாம் எலிசபெத் அரசியே வந்து மைதானத்தைப் பார்த்தார். இவற்றில் சங்கம் வீட்டுக்காரராக நடந்துகொண்டது. விருந்தாளிக்காக ஆட்டத்தின் ஒரு விதியையும் மாற்றவில்லை. (மறுநாள் ஏடுகள் நாம் எவ்வளவு கண்ணியமாக இருந்தோம் என்று தம்மைத் தாமே தட்டிக்கொடுத்துக்கொண்டது வேறு கதை.)

2018இல் யுனெஸ்கோ ஹர்லிங்கையும் மகளிர் ஆடும் கேமோகியையும் மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அயலார் தரும் பாராட்டில் இதைவிட உயர்ந்த முத்திரை கிடையாது. அரசியல்வாதிகளும் சங்கத்தாரும் மகிழ்ந்தார்கள், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் உள்நாட்டு வரைபடத்தை அதன் பக்கத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். இதுவரை நடந்த அகில அயர்லாந்து ஹர்லிங் சாம்பியன் போட்டிகளில் மூன்றில் இரண்டுக்கு மேல் வென்றவை கில்கென்னி, கார்க், திப்பரேரி என்ற மூன்றே கவுண்டிகள். அல்ஸ்டர் மாகாணத்தின் எந்தக் கவுண்டியும் ஒருமுறைகூட வென்றதில்லை. கொனாக்ட்டில் கால்வே மட்டுமே. தேசிய ஆட்டம் என்று உலகுக்கு அறிமுகமாகும் ஹர்லிங், தேசத்தின் பெரும்பகுதியில் ஒரு சில தேவாலயப் பங்குகளின் பிடிவாதத்தால் மட்டும் உயிரோடிருக்கிறது.

வலுவான கவுண்டிகளில் இந்தப் பாராட்டுப் பசி எவ்வளவு? கில்கென்னிக்காரருக்கு எதிராளி பக்கத்துக் கவுண்டியிலேயே இருக்கிறார். திப்பரேரியிடம் தோற்ற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லண்டன்காரர் ட்விட்டரில் என்ன எழுதினார் என்பது பொருட்டாகாது. எதிராளி இருக்கும் இடத்தில் சான்றிதழ் தேவைப்படுவதில்லை என்ற என் வாதத்துக்கு அயர்லாந்துக்குள்ளேயே கிடைக்கும் நிரூபணம் இது. பசி கூடுவது, தேசம் என்ற பெயரில் ஹர்லிங்கைப் பேச வேண்டிய மேடைகளில்தான்.

அப்படியானால் எதிராளியை உண்டாக்குவதற்கான பணம் எங்கே போக வேண்டும்? ஃபென்வே பார்க்குக்கு அல்ல, லீட்ரிமுக்கு. யுனெஸ்கோ முத்திரை கிடைத்து ஐந்தே ஆண்டுகளில், 2023 இலையுதிர் காலத்தில், சங்கத்தின் நிர்வாகக் குழு ஒன்று லீட்ரிம், கேவன், லாங்ஃபோர்டு, லூத், ஃபெர்மானா ஆகிய ஐந்து கவுண்டிகளின் அணிகளைத் தேசிய ஹர்லிங் லீக்கிலிருந்து விலக்கலாம் என்று முன்மொழிந்தது. வீரர்களும் ரசிகர்களும் கொதித்தெழுந்ததால் முன்மொழிவு கைவிடப்பட்டது. அதைக் கைவிட வைத்த குரல்கள் அத்தனையும் அயர்லாந்துக்குள்ளிருந்து எழுந்தவை.