சம்மட்டித் தலையை இறுக்குதல்

சம்மட்டித் தலையை இறுக்குதல் என்பது, மரக் காம்பில் தளர்ந்துபோன சம்மட்டியின் எஃகுத் தலையை மீண்டும் அசையாதபடி பொருத்தும் பழுதுபார்ப்பு வேலை ஆகும். சம்மட்டி என்பது இரு கைகளாலும் பிடித்து ஓங்கி அடிக்கப் பயன்படும் கனமான சுத்தியல் வகை. கல் உடைத்தல், சுவர் இடித்தல், முளை அடித்தல், கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்தல் முதலிய வேலைகளுக்கு இது பயன்படுகின்றது. தளர்ந்த தலை, வீசும்போது காம்பிலிருந்து கழன்று பறந்து, அருகில் நிற்பவரின் உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே தலையில் சிறிது ஆட்டம் தென்பட்டாலும் அதைச் சரிசெய்யும் வரை சம்மட்டியைப் பயன்படுத்துதல் கூடாது.

அமைப்பு

சம்மட்டித் தலையின் நடுவே காம்பு நுழைவதற்கான துளை உண்டு. இது கண் எனப்படும். இதன் குறுக்குவெட்டு பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். நன்கு செய்யப்பட்ட தலையில் கண், உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கி மேலும் கீழும் சற்று அகன்றிருக்கும். காம்பின் நுனியில் நெடுக்காக ஒரு வெட்டு இடப்பட்டிருக்கும். காம்பைக் கண்ணில் செருகியபின் இவ்வெட்டில் மர ஆப்பு அடிக்கப்படும். அப்போது நுனி விரிந்து, கண்ணின் அகன்ற மேற்பகுதியை நிரப்புகின்றது. காம்பு தடித்திருக்கும் தோள் பகுதி, தலை கீழே இறங்காமல் தடுக்கின்றது.

ஆகவே தலையைப் பிடித்து வைத்திருப்பது ஆணியோ பசையோ அன்று. அழுத்தப்பட்ட மரத்துக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வும், கண்ணின் வடிவமுமே அதைப் பிடித்து வைக்கின்றன. குந்தாலியின் அமைப்பு இதற்கு மாறானது. அதன் காம்பு மேலிருந்து செருகப்படுவதாலும் நுனி பருத்திருப்பதாலும், வீசும்போது தலை மேலும் இறுகுகின்றது. அதற்கு ஆப்பு தேவைப்படுவதில்லை.

செயற்படும் விசை

4 கிலோகிராம் எடையுள்ள தலை, 1 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாதையில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், அதை அப்பாதையில் நிறுத்தத் தேவையான மையநோக்கு விசை 400 நியூட்டன் ஆகும். இது ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையைக் காம்பில் தொங்கவிடுவதற்குச் சமம். அந்நிலையில் தலையின் இயக்க ஆற்றல் 200 ஜூல். ஒவ்வொரு வீச்சிலும் இவ்வளவு விசையை ஆப்பு இறுக்கிய மரமே தாங்குகின்றது.

ஆப்பு வெளியே நழுவாமல் இருப்பதற்கும் உராய்வே காரணம். ஆப்பின் கோணம் சிறியதாக இருந்தால், பக்கவாட்டு அழுத்தம் அதை வெளியே தள்ளுவதில்லை. கோணம் பெரிதாகும்போது அது எளிதில் பிதுங்கி வெளிவருகின்றது. கட்டையான தடித்த ஆப்பைவிட நீண்டு மெலிந்த ஆப்பு சிறந்தது என்பது இதனாலேயே.

தளர்வுக்கான காரணங்கள்

மரம் உலர்தல்: இதுவே முதன்மையான காரணம். மரம் உலரும்போது நீளவாக்கில் மிகச் சிறிதளவே சுருங்குகின்றது. குறுக்குவாக்கில் சுருக்கம் மிகுதி. காம்புக்குப் பெயர்பெற்ற வட அமெரிக்க ஹிக்கரி மரம், பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது ஆரத் திசையில் ஏறத்தாழ 7 விழுக்காடும், வளையத் திசையில் ஏறத்தாழ 10 விழுக்காடும் சுருங்குகின்றது. எஃகுக் கண்ணோ அதே அளவில் இருக்கின்றது. மழைக்காலத்தில் பொருத்திய காம்பு கோடையில் தளர்வது இதனால்தான்.

இழைகள் நசுங்குதல்: ஈரத்தால் பருக்கும் மரத்தைக் கண் விரிய விடுவதில்லை. இடமின்றி இழைகள் நசுங்குகின்றன. மீண்டும் உலரும்போது மரம் முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடுகின்றது.

பிற காரணங்கள்: ஆப்பு நழுவுதல் அல்லது உடைதல், குறி தவறிய அடி காம்பின் கழுத்தில் படுதல், ஈரத்தில் கிடந்து மரம் உளுத்தல் ஆகியவை.

ஆய்வு

பழுதுபார்க்குமுன் காம்பு மீட்கத் தக்கதா என்று பார்க்க வேண்டும். காம்பில் நெடுக்கு வெடிப்போ குறுக்கு முறிவோ உளுப்போ இருந்தால் அதை இறுக்குவதில் பயனில்லை. புதுக் காம்பே இட வேண்டும். தலையில் விரிசல் இருந்தால் அத்தலையைக் கைவிட வேண்டும். அடிக்கும் முகத்தின் விளிம்பு காளான் போல விரிந்திருந்தால், அதிலிருந்து சில்லுகள் தெறிக்கக்கூடும். ஆகவே அவ்விளிம்பைத் தேய்த்து நீக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் கட்டுமானத் தொழில் பாதுகாப்பு விதிகளும், கருவிகளின் மரக் காம்புகள் சிலாம்பும் வெடிப்பும் இன்றி, கருவியில் இறுகப் பொருந்தியிருக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்துகின்றன.

காம்பு நல்ல நிலையில் இருந்தால்

1. சம்மட்டியைத் தலை கீழே தொங்குமாறு, தரையில் படாமல் பிடித்து, காம்பின் அடிமுனையில் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். கனமான தலை தன் நிலைமத்தால் அசையாமல் நிற்கக் காம்பு அதனுள் இறங்கும். தலை தோளில் இறுகப் பதியும் வரை இவ்வாறு செய்யப்படும்.
2. பழைய மர ஆப்பை மேலும் உள்ளே அடித்துப் பார்க்க வேண்டும். அது இறங்க இடமில்லாவிட்டாலும் உடைந்திருந்தாலும், அதைத் தோண்டி எடுத்துவிட்டுச் சற்றுத் தடித்த, நன்கு உலர்ந்த புது ஆப்பை அடிக்க வேண்டும்.
3. தேவையானால் ஓர் இரும்பு ஆப்பை, மர ஆப்புக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ அடிக்கலாம். பல இரும்பு ஆப்புகளை அடித்தால் மரம் பிளந்துவிடும்.
4. அதன் பின்னும் ஆட்டம் இருந்தால் காம்பைக் கழற்றி, தோளைச் சிறிது செதுக்கி, தலை முன்பைவிடக் கீழே அமருமாறு செய்து, புது ஆப்பு இட வேண்டும். நுனி வெட்டையும் அதற்கேற்ப ஆழப்படுத்த வேண்டும்.

புதுக் காம்பு இடுதல்

பழைய காம்பைத் தலைக்குச் சற்றுக் கீழே வாளால் அறுத்து, கண்ணில் எஞ்சிய மரத்தைத் துளையிட்டுத் தளர்த்தி, கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி அடித்து வெளியேற்ற வேண்டும். மரம் மேற்புறத்தில் விரிந்திருப்பதால் எதிர்த்திசையில் அது எளிதில் வராது.

புதுக் காம்பின் இழைகள் நெடுக ஓட வேண்டும். கண்ணின் உட்புறத்தில் கரி தடவிக் காம்பைச் செருகி எடுத்தால், உரசும் இடங்கள் கறுப்பாகத் தெரியும். அவ்விடங்களை மட்டும் அரத்தால் தேய்த்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். நுனி வெட்டு, கண்ணின் ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆழம் கொண்டதாகவும், நீள்வட்டத்தின் நீண்ட அச்சின் வழியே செல்வதாகவும் இருத்தல் நன்று. காம்பின் நுனி தலைக்கு மேலே 5 மில்லிமீட்டர் அளவு நீட்டிக்கொண்டிருந்தால், ஆப்பு அடித்தபின் அது கண்ணைவிட அகன்று, தலை கழல்வதைத் தடுக்கும்.

காம்பு மரம் அதிர்ச்சியைத் தாங்கும் வலிமையும் வளைந்து கொடுக்கும் தன்மையும் உடையதாக இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் ஹிக்கரியும் ஐரோப்பாவில் ஆஷ் மரமும் பெரிதும் பயன்படுகின்றன. இந்தியாவில் கருவேல மரம் கருவிக் காம்புகளுக்குப் பயன்படுகின்றது.

தவிர்க்க வேண்டிய முறைகள்

நீரில் ஊறவைத்தல் பரவலாகக் கையாளப்படும் முறை. மரம் பருத்து உடனே இறுகுவதால் இது வெற்றி பெற்றதாகத் தோன்றும். உலர்ந்தபின் நசுங்கிய இழைகள் மேலும் சுருங்கி, தளர்வு முன்பைவிட மிகும். வேலையின் நடுவே இது நிகழ்ந்தால் பயன்படுத்துபவர் அறியமாட்டார் என்பதே இம்முறையின் பெரும் ஆபத்து.

நுனியில் ஆணி அடித்தல் மரத்தைப் பிளக்கும். துணியையோ ரப்பர்த் துண்டையோ திணித்தால் அது அடிகளில் நைந்து வெளியேறிவிடும். தலையை நெருப்பிலிட்டுப் பழைய மரத்தை எரித்து எடுத்தால் எஃகின் பதம் கெட்டு, அடிக்கும் முகம் மென்மையாகும். தலையைக் காம்போடு பற்றவைத்தல் எஃகின் பதத்தையும் மரத்தையும் ஒருங்கே கெடுக்கும்.

கண்ணாடியிழைக் காம்புகள்

கண்ணாடியிழைக் காம்புகள் பொதுவாக எப்பாக்சிப் பசையால் பொருத்தப்படுகின்றன. இவற்றில் ஆப்பு அடித்தல் கூடாது. பசை விட்டுப்போனால் பழைய பசையை முற்றிலும் நீக்கிப் புதிதாக வார்க்க வேண்டும். அல்லது காம்பையே மாற்ற வேண்டும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

ஒரு சுத்தியலின் முகத்தை மற்றொரு சுத்தியலால் அடித்தல் கூடாது. கடினப்படுத்தப்பட்ட இரு முகங்கள் மோதும்போது எஃகுச் சில்லுகள் தெறிக்கும். ஆப்பு அடிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பழுது முடிந்தபின் ஆளி விதை எண்ணெயை நுனியில் தடவினால் ஈரம் புகுவது குறையும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆதலால் விரித்து உலர்த்த வேண்டும்.

தலையும் காம்பும் சேரும் இடத்தில் காம்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்து வைப்பது பயனுள்ள வழக்கம். கோட்டிலிருந்து தலை விலகியிருந்தால் தளர்வு தொடங்கிவிட்டது என்று அறியலாம். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் இதைப் பார்ப்பதற்குச் சில விநாடிகளே ஆகும்.